ரோடு இல்லாத வீடு

போன வாரம் என் மகன் போனைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தான். "உம்மா, என் கோட்டையில ஒரு செவரைக் காணோம்" என்றான். இரவோடு இரவாக அவன் விளையாட்டு தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டதாம். மாதக்கணக்கில் கட்டிய கோட்டையில் வடக்குச் சுவர் மட்டும் புது விதிகளுக்கு ஒத்துவராமல் போய்விட்டது. அவன் அழவில்லை. அந்த விளையாட்டைச் செய்தவர்களை நாலு வசவு வைதுவிட்டு வேறொரு விளையாட்டுக்குப் போய்விட்டான். நான்தான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். தோசை கருகிப்போனது.

நாற்பதைத் தாண்டி, ஊசியில் நூல் கோக்கப் பிள்ளைகளைக் கூப்பிடும் நிலைக்கு வந்துவிட்ட என் சோட்டுக்காரர்களே, உங்களிடம் சொன்னால் புரியும். நம் காலத்தில் விளையாட்டு தானாக மாறாது. செய்து விற்ற பிறகு கண்டுபிடித்த கோளாறுகளுக்கு அவர்கள் ஒரு திருத்தம் போடுவார்கள். பேட்ச் என்று பெயர். அதை யாராவது கொண்டுவந்து நம் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். எங்கள் வீட்டுக்கு அது சவுதியிலிருந்து விமானத்தில் வந்தது. பால்பவுடர் டின்னுக்கும் தைலக் குப்பிக்கும் நடுவில், புதுத் துவாலையில் சுற்றிய பிளாப்பி டிஸ்குகளாக.

அந்த ஒரு கோடைக்காலத்தைத்தான் சொல்ல வந்தேன்.

அப்போது நாங்கள் மேலப்பாளையத்தில் பெரியவாப்பா வீட்டில் இருந்தோம். பெரியவாப்பா என் வாப்பாவின் அண்ணன். பெரிய வீடு, பெரிய குடும்பம், பெரிய சட்டி. வாப்பா சவுதியில் ஒரு கம்பெனியின் சாமான் கிட்டங்கியில் வேலை பார்த்தார். கம்பெனி கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை விடுமுறைக்கு வரும்போது எப்படியோ கொண்டுவந்து சேர்த்துவிட்டார். ஹாலில் வைத்தால் பிள்ளைகள் குட்டிச்சுவராக்கிவிடும் என்று அது மாடியில் எங்கள் அறைக்குப் போனது. அறைக்குள் செருப்புப் போடக்கூடாது. இருந்த ஒரே மேஜை விசிறியைக் கம்ப்யூட்டர் பெட்டியைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தோம். நாங்கள் வேர்த்து வடிவோம், பெட்டி சுகமாகக் காற்று வாங்கும். அதற்கு உம்மா தைத்த உறை, சுற்றிலும் சுருக்கு வைத்துப் பிள்ளைச் சட்டை மாதிரி இருக்கும். அந்த உறையும் இப்போது இல்லை.

கடிதம் வந்தால் எங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் மஃரிபு தொழுகை முடிந்ததும் பெரியவாப்பா ஹாலில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, சத்தமாகப் படிப்பார். கடிதம் அவர் பெயருக்குத்தான் வரும். கடைசியில் 'வீட்டில் எல்லோருக்கும் சலாம் சொல்லவும்' என்று இருக்கும். அந்த எல்லோருக்குள்தான் என் உம்மா இருந்தாள். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பாள். இவள் எழுதினாலும் பெரியவாப்பா படித்துப் பார்த்துத்தான் ஒட்டுவார். குற்றமாக அல்ல, அக்கறையாக. 'முகவரியில தப்பு இருந்துரக் கூடாது பாரு' என்பார். வெள்ளிக்கிழமை போன் வரும். ஹாலில் எல்லோரும் வரிசையாகப் பேசுவார்கள். உம்மாவின் முறை கடைசி. "நல்லா இருக்கேன். நீங்க?" என்பாள். அதற்குள் லைன் போய்விடும்.

அந்தக் கம்ப்யூட்டரோடு வாப்பா ஒரு விளையாட்டும் கொண்டுவந்திருந்தார். ஊர் கட்டும் விளையாட்டு. மேலேயிருந்து பார்க்கிற மாதிரி ஒரு வெற்று நிலம், நடுவில் ஓர் ஆறு. வீடு, ரோடு, தண்ணீர்க் குழாய், பள்ளிக்கூடம் என்று நாம் வைக்க வைக்க ஊர் வளரும். விடுமுறை முழுவதும் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். அவர் வேலை பார்க்கும் இடத்துக் கம்ப்யூட்டரிலும் அதே விளையாட்டு இருந்தது. புறப்படும் முன்னால் ஒரு யோசனை சொன்னார்.

"ஏளா, இந்த ஊரை பிளாப்பியில சேமிச்சு, வாரவங்க போறவங்கள்ட்ட கொடுத்தனுப்பு. நீ கொஞ்சம் கெட்டு, நான் கொஞ்சம் கெட்டுதேன். ரெண்டு பேருமாச் சேந்து ஒரு ஊரையே உண்டாக்கிருவோம்."

எனக்கு அது நான்கு நாளில் அலுத்துவிட்டது. கார் ஓட்டுகிற விளையாட்டு ஒன்று இருந்தது, எனக்கு அதுதான் உயிர். ஆனால் வாப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தபோதெல்லாம், துவைத்த துணி மடிக்கிற சாக்கில் உம்மா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். வாப்பா போன பிறகு ஒரு மதியம், எல்லோரும் சாப்பிட்டுப் படுத்திருந்த நேரம், "கொஞ்சம் தள்ளு" என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். அதோடு சரி. அதன்பிறகு மதியங்கள் அவளுடையவை. மவுசில் எப்போதும் வெங்காய வாசனை.

அவள் விளையாட்டாக விளையாடவில்லை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் வீடுகளை நெருக்கி நெருக்கி வைத்தாள். "இது நம்ம தெரு" என்றாள். பாலத்தைக் கட்டி, அந்தப் பக்கம் உயரமாக ஒரு கட்டடம் வைத்தாள். "இத டவுண் கோயில் கோபுரம்னு வச்சுக்கோ. அதத் தாண்டிப் போனா பேட்டை." பேட்டை அவள் பிறந்த ஊர். எல்லா வீட்டுக்கும் தண்ணீர்க் குழாய் போட்டாள். நிஜத்தில் எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீருக்குப் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். நான் அவளிடம் 'இதெல்லாம் நீங்க கெட்டுனதுன்னு வாப்பாவுக்கு எழுதட்டுமா' என்று கேட்டேன். "எழுதினா ஹால்ல வச்சுல்லா படிப்பாங்க. பொம்பள மதியத்துல கம்ப்யூட்டர்ல விளையாடுதாள்னு ஆயிரும். அவங்களுக்குத் தெரியும், நீ பேசாம இரு" என்றாள்.

முதல் பிளாப்பி போய், வேறொருவர் பெட்டியில் திரும்பி வந்தது. கிராம்பும் சோப்பும் கலந்த ஒரு சவுதி வாசனை அடித்தது அதில். திறந்து பார்த்தால் ஊரின் ஓரத்தில் வாப்பா ஒரு விமான நிலையம் கட்டியிருந்தார். உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"வாரதுக்கு வழி பாத்துட்டாங்க பாரு."

அவள் அப்படிச் சிரித்து அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. அன்றிலிருந்து அந்த ஊர் அவளுக்கு வேறு ஏதோவாகிவிட்டது. பக்கத்தில் நின்ற எனக்கே அது தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் பெரியவாப்பா ஒரு பேச்சை எடுத்தார். பின்கட்டில் கிணற்றை ஒட்டி இரண்டு அறை எடுப்பது என்று. எங்களுக்காகத்தான். "பிள்ளையும் வளருதா. தம்பி ஒரேயடியா வந்தா அவனுக்கும் ஒரு எடம் வேணும்லா. கொத்தனார் காத்துக்கிட்டு இருக்காரு. உனக்குச் சம்மதந்தானே?" என்று உம்மாவிடம் கேட்டார். மனதார நல்லதென்று நினைத்துத்தான் கேட்டார். கதவுக்குப் பின்னாலிருந்து உம்மா, "அவங்கள்ட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுதேன் மச்சான்" என்றாள்.

உம்மாவுக்கு அந்த வீட்டில் யாரும் குறை வைக்கவில்லை. ஆனால் தன் கணவனோடும் பிள்ளையோடும் தனியாக ஒரு வீட்டில், கதவைச் சாத்தினால் சாத்தியதுதான் என்று வாழ வேண்டும் என்பது அவள் ஆசை. விடுமுறையில் மொட்டைமாடியில் வாப்பாவிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். "ஆத்துக்கு அந்தப் பக்கம், பேட்டை கிட்ட, மூணு பேர் இருக்க ஒரு வீடு." வாப்பா "யோசிப்போம்" என்றாராம். அந்த அறைகள் எழும்பிவிட்டால் அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இல்லை. இதையெல்லாம் அவள் எனக்குச் சொன்னது பின்னால்தான். அப்போது நான் பார்த்தது இதுதான்: ஒரு மதியம் அவள் பாலத்தைத் தாண்டி, கோபுரத்தையும் தாண்டி, காலி நிலத்தில் ஒரே ஒரு சின்ன வீட்டை வைத்தாள். சுற்றி இரண்டு மரம். அவ்வளவுதான்.

"உம்மா, ரோடு?" என்றேன்.

"அத நம்ம போடக் கூடாது."

"ரோடு இல்லாட்டா அந்த வீடு வளராது."

"வளராண்டாம், நின்னாப் போதும். ரோடு வாப்பா போடுவாங்க."

அது உண்மைதான். அந்த விளையாட்டில் ரோடு இல்லாத வீடு பெரிதாகாது, ஆனால் விழவும் விழாது. அப்படியே குட்டியாக நிற்கும். அதை நம்பித்தான் உம்மா அந்த வீட்டை வைத்தாள். பிளாப்பியில் சேமித்து, சவுதிக்குப் புறப்பட்ட பக்கத்துத் தெருக்காரரின் பெட்டியில், டவுண் அல்வாவுக்கும் மிளகாய்ப்பொடிக்கும் நடுவில் வைத்து அனுப்பினோம். பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டுகிற வரை உம்மா அவர்கள் வீட்டு அடுப்படியில் நின்று பார்த்திருந்துவிட்டு வந்தாள்.

காத்திருந்தோம். கொத்தனார் இரண்டு தடவை வந்துபோனார். செங்கல் வந்து பின்கட்டில் இறங்கியது. "என்ன, கேட்டியா?" என்று பெரியவாப்பா கேட்டால், "லைன் கிடைக்கலியே மச்சான்" என்பாள்.

ஒருவழியாகப் பெட்டி வந்தது. இந்தமுறை ஒன்றுக்குப் பதில் நான்கைந்து பிளாப்பிகள். கூடவே ஒரு கடிதம். பெரியவாப்பா ஹாலில் படித்தார். 'பிள்ளையின் விளையாட்டுக்குப் புதுத் திருத்தம் வந்திருக்கிறது. இங்கே ஏற்றிவிட்டேன். அங்கேயும் ஏற்றினால்தான் நான் அனுப்பியுள்ள ஊர் திறக்கும். பழைய ஊர்களும் அதில் திறக்கும், பயப்பட வேண்டாம் என்று சொல்லவும்.' பெரியவாப்பா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "படிப்புக்கு உதவுமா இது?" என்றார். "உதவும்" என்றேன். சந்தோஷப்பட்டார். அந்தக் கம்ப்யூட்டர் என் படிப்புக்கு வந்தது என்று கடைசிவரை நம்பிய மனிதர் அவர் ஒருவர்தான்.

மறுநாள் மதியம் நான் பிளாப்பிகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளித் திருத்தத்தை ஏற்றினேன். கரகரவென்று அது படிக்கிற சத்தம் உங்களுக்கெல்லாம் காதில் இருக்குமே. உம்மா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். ஊர் திறந்தது. எங்கள் தெரு, பாலம், கோபுரம் எல்லாம் அப்படியே இருந்தன. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வாப்பா புதிதாக ஒரு பூங்கா வைத்திருந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வந்தேன். இரண்டு மரம் நின்றது. நடுவில் வீடு இருந்த இடத்தில் பழுப்பாக ஓர் இடிபாடு கிடந்தது.

உம்மா எழுந்து கிட்டே வந்து பார்த்தாள். திரையைத் தொட்டுப் பார்த்தாள். "ரோடு போடாட்டாலும் போகட்டும்" என்றாள். பிறகு, "வீட்டையே எடுத்துட்டாங்க" என்றாள். சுருக்கு வைத்த உறையை எடுத்துக் கம்ப்யூட்டரை மூடினாள். நான் இன்னும் அதை அணைக்கவேயில்லை.

எனக்கு வாப்பாமேல் கோபம் கோபமாக வந்தது. எதற்கென்று முழுதாகத் தெரியாமலே வந்தது. வெள்ளிக்கிழமை போன் வந்தபோது உம்மா தன் முறைக்கு நிற்காமல் குளிக்கப் போய்விட்டாள். அடுத்த தடவை பெரியவாப்பா கேட்டபோது, "உங்க இஷ்டம் மச்சான்" என்றாள். பின்கட்டில் அஸ்திவாரத்துக்குக் கயிறு பிடித்தார்கள்.

மதியம் காலியாகிவிட்டதால் கம்ப்யூட்டர் எனக்கு வந்தது. கார் விளையாட்டு சலித்து, நானும் சும்மா ஒரு புது ஊரைத் தொடங்கினேன். கூட்டத்துக்குள் இருக்கப் பிடிக்காமல் ஒரு மலைமேல் எனக்கென்று ஒரு வீட்டை வைத்தேன். மாஞ்சோலைக்கு பஸ் ஏறுகிற மாதிரி வளைந்து வளைந்து ரோடு போட வேண்டியிருக்கும், அதைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். விளையாட்டில் கொஞ்ச காலம் ஓடியது. என் கண்ணெதிரே அந்த வீடு பழுப்பாகி, சரிந்து, விழுந்தது. நான் தொடவேயில்லை.

இன்னொன்று வைத்தேன். விழுந்தது. ரோட்டை ஒட்டி ஒன்று வைத்தேன். அது நின்றது.

அப்படியென்றால் உம்மா வைத்த வீடும்? வாப்பாவுக்கு அனுப்பும் முன்னால் சேமித்த பழைய ஊர் எங்கள் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. அதைத் திறந்தேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அந்தக் குட்டி வீடு இரண்டு மரத்துக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தது. விளையாட்டின் கடிகாரத்தை நிறுத்திவைத்துவிட்டுக் கீழே ஓடினேன்.

உம்மா முற்றத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உம்மா, மேல வாங்க."

"மீன் கையா இருக்குளா."

"அப்படியே வாங்க."

இரண்டு கையையும் விரித்துப் பிடித்தபடி படியேறி வந்தாள். திரையில் வீட்டைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். "இது நம்ம பழைய ஊரு. வாப்பா இதத் தொடவேயில்ல. இப்பப் பாருங்க" என்று கடிகாரத்தை ஓடவிட்டேன். நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம். வீடு பழுப்பானது. சரிந்தது. விழுந்தது.

"புதுத் திருத்தத்துல ரோடு இல்லாத வீடு நிக்காதும்மா. பழைய ஊரைத் திறக்கும், ஆனா புதுச் சட்டம்தான் போடும். வாப்பா அங்க திறந்ததும் அதுவா விழுந்துருக்கு. அவங்க எடுக்கல."

உம்மா வாசலைவிட்டு உள்ளே வந்தாள். "திரும்பத் திற" என்றாள். திறந்தேன். வீடு மறுபடி நின்றது. மறுபடி விழுந்தது. "இன்னொருக்க" என்றாள். மூன்றாவது தடவை திறந்தபோது, விழுவதற்கு முன்னால், "நிப்பாட்டு" என்றாள். என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். மீன் கையோடு மவுசைப் பிடித்து, பாலத்திலிருந்து கோபுரத்தைச் சுற்றி அந்த வீட்டு வாசல் வரைக்கும் ஒரே இழுப்பில் ரோட்டைப் போட்டாள்.

"ஓடவிடு" என்றாள்.

வீடு விழவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மாடி ஏறியது.

உம்மா கீழே போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கதவுக்குப் பின்னால் நிற்காமல் ஹாலுக்கே போனாள். பெரியவாப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், பின்கட்டுல அறை வேண்டாம். பேட்டைப் பக்கம் எங்களுக்கு ஒரு வாடகை வீடு பாக்கணும்."

பெரியவாப்பா பேப்பரை மடித்தார். "தம்பி சொன்னானா?"

"இல்ல. நான் சொல்லுதேன். அவங்கள்ட்ட இனிமேத்தான் சொல்லணும்."

பெரியவாப்பா மடித்த பேப்பரை மறுபடி பிரித்தார். வெள்ளிக்கிழமை போன் மணி அடித்ததும் உம்மாதான் முதலில் எடுத்தாள். எல்லோரும் சுற்றி நிற்க, சுற்றி நிற்பதைப் பற்றிக் கவலைப்படாமல் சொன்னாள். அந்தப் பக்கம் வாப்பா ஏதோ கேட்டார். "சொன்னேன். உங்களுக்குத்தான் கேக்கல" என்றாள் உம்மா. "லைன் சரியில்ல போல" என்றார் பெரியவாப்பா, பக்கத்தில் நின்ற பெரியும்மாவிடம். பிறகு ரிசீவர் அவர் கைக்குப் போனது. "ம்... ம்... சரிலே, ஒன் இஷ்டம்" என்று வைத்தார். அவர் முகம் வாடித்தான் போயிருந்தது. இறக்கிய செங்கலைக் கொல்லைச் சுவர் கட்ட எடுத்துக்கொண்டார். நாங்கள் வீடு மாறிய அன்று, சாமான் வண்டியில் கம்ப்யூட்டரை மெத்தை போட்டுச் சுற்றிக் கட்டியவரும் அவர்தான்.

பள்ளிக்கூடம் திறக்கும் முன்பே பேட்டை ரோட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். அந்த பிளாப்பியை உம்மா திருப்பி அனுப்பவில்லை. வாப்பா கேட்டபோது கெட்டுப்போய்விட்டது என்று என்னை எழுதச் சொன்னாள். இப்போது கடிதம் எங்கள் பெயருக்கே வந்தது. கம்ப்யூட்டர் அந்த ஐப்பசி மழையில் ஈரம் பட்டுச் செத்தது. ஊரும் அதோடு போனது. மவுசில் மீன் வாடை மட்டும் கடைசிவரை இருந்தது.

மகனின் கோட்டைச் சுவர் காணாமல் போன அன்று சாயங்காலம் நான் உம்மா வீட்டுக்குப் போனேன். வாப்பா சவுதியை விட்டுவந்து எத்தனையோ காலமாகிவிட்டது. நாற்காலியில் சாய்ந்து போனில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். உம்மா முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பேரன் கதையைச் சொல்லிவிட்டு, பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

"நம்ம பிளாப்பி ஊர்ல, ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒத்த வீடு ஒண்ணு இருந்துச்சே, ஞாபகம் இருக்கா வாப்பா?"

"இல்லாம என்ன. விழுந்துல்லா கெடந்துச்சு. நீ ரோடு போட மறந்துட்டேன்னு நெனச்சேன். எழுதினா, சின்னப் பிள்ள வருத்தப்படும்னு எழுதல."

"நான் கெட்டல வாப்பா. உம்மா கெட்டினது."

வாப்பா கண்ணாடியைக் கழற்றினார். "அந்த வீடா?"

"ஊரே அவங்க கெட்டினதுதான். ஏர்போர்ட்டத் தவிர."

"ஏர்போர்ட் வச்சா ஊரு சீக்கிரம் வளரும்னு கூட இருந்தவங்க சொன்னாங்க" என்றார் வாப்பா, சம்பந்தமில்லாமல். பிறகு உம்மா பக்கம் திரும்பினார். எந்த வீடு, எந்தப் பக்கம், எதற்காக என்று ஒவ்வொன்றாக அவருக்கு இப்போதுதான் விளங்குவது முகத்தில் தெரிந்தது.

"ரோடு போடணும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போட்டிருப்பேனே" என்றார்.

உம்மா கீரையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"சொல்லாமப் போடுவியளான்னு பாக்கத்தானே கெட்டினேன்."

வாப்பா போனைக் கீழே வைத்தார். நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்தார். முழங்கால் வலிக்காரர், கீழே உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பைய உம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒரு கொத்துக் கீரையை எடுத்து ஆயத் தொடங்கினார். காம்பையும் சேர்த்து முறத்தில் போட்டார். உம்மா காம்பைப் பொறுக்கி எடுத்துவிட்டு, அவர் உட்கார வசதியாகக் கொஞ்சம் நகர்ந்துகொண்டாள்.